வாய்க்கால் வரப்பின் அம்மான் பச்சரிசி

களையில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஒரு நாள் வந்து குனிந்து பிடுங்கிப் பாருங்கள். இடுப்பு வலிக்கு மட்டும் அதில் மருந்தே கிடையாது என்று தெரிந்துபோகும்.

என் பெயர் பாண்டீஸ்வரி. மார்க்கையன்கோட்டையில் களையெடுப்புக்குப் பொம்பளை ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். வாழையோ திராட்சையோ தக்காளியோ, எந்தத் தோட்டமானாலும் என் வாய்க்குப் பயந்து நேரத்துக்கு டீ வந்துவிடும். எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிடுங்கிய களை பிடுங்கியவளுக்கு. தோட்டக்காரன் கேட்க முடியாது. சாயந்திரம் வண்டி ஏறும்போது ஒவ்வொருத்தி மடியிலும் ஏதாவது ஒரு தழை இருக்கும். காமாலைக்காரன் வீட்டுக்குக் கீழாநெல்லி, சிரங்கு பிடித்த பிள்ளைக்குக் குப்பைமேனி, வெளியே சொல்ல வெட்கப்படும் மூலக்காரனுக்குத் துத்தி இலை. "ஆயிரம் வேரைக் கொன்னவ அரை வைத்தியச்சியாம், நீ எத்தனை கொன்ன?" என்று என்னைக் கேலி செய்வாளுகள். நான் கொன்ற வேருக்குக் கணக்கு ஏது!

அம்மான் பச்சரிசி என்று ஒரு செடி. தரையோடு படரும், காம்பு செம்மண் நிறம், கிள்ளினால் பால் வடியும். பால் வடிகிற செடி பால் கொடுக்கும் என்பது எங்கள் கணக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் பற்றாவிட்டால் அதன் இலையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கொடுப்போம். எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். ஆனால் ஈஸ்வரபாண்டி என்பவருடைய வாழைத் தோட்டத்தில், வாய்க்கால் வரப்பு ஓரமாக ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் அது மெத்தைபோல் மண்டிக்கிடக்கும். கோரைப்புல்கூடக் கருகிப்போகும்படி அவர் களைக்கொல்லி அடித்தாலும் அந்த இடம் மட்டும் கருகாது. எங்கள் செட்டில் யாரும் அங்கே கை வைப்பதில்லை. நானும்தான். ராமுத்தாய் விழுந்த இடம் அது.

ராமுத்தாய் என் சிநேகிதி. வரிசையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். அவளுடைய மகள் நதியா இன்றைக்கு என் மருமகள். நதியா தவழும் பிள்ளையாக இருந்தபோதே ராமுத்தாய் செத்துவிட்டாள். தகப்பன் வீரணன் ஏலத்தோட்ட வேலைக்கென்று கேரளத்து மலை ஏறியவன், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். மயிலாடும்பாறையில் அவன் தங்கச்சி வீட்டில் வளர்ந்த பிள்ளையை நானே தேடிப்போய், என் மகன் சுரேஷ்கண்ணனுக்குப் பெண் கேட்டேன். சுரேஷ்கண்ணன் சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் வேலை பார்க்கிறான். கோபம் தெரியாத பையன். அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறக்கவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். தாயே இல்லாதவளுக்கு ஏது தாய்வீடு? நானே தாயும் மாமியாருமாக நின்று பார்த்தேன். ஆண் பிள்ளை. நல்ல நிறம், நல்ல குரல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மார்பில் போடும்வரைக்கும்.

பிள்ளையை அருகில் கொண்டுபோனாலே நதியா இரண்டு கையாலும் மாரை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா தங்கமான மனுஷி. "வாய் வைக்க வைக்கத்தாம்மா பால் ஊறும். வலிக்கும், பொறுத்துக்கணும்," என்று பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நதியா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலிக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். பிரசவ வலியில் ஒரு சத்தம் போடாதவள். கடைசியில் டப்பாப் பால் வாங்கினோம். பிள்ளை குடித்ததைவிடக் கக்கியது அதிகம். வீடு வந்து சேர்ந்தபோது கன்னம் வற்றிப்போயிருந்தது. நதியாவுக்குப் பால் கட்டவும் இல்லை, ஊறவும் இல்லை. பிள்ளையைத் தொடுவதே இல்லை. தொட்டிலில் அழுதால், அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதைக் கேட்கிறவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகி, நிலைப்படியில் ஒரு பழைய பன்னரிவாளும் போட்டிருந்தோம். பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் செய்வதுதான். வீட்டுக்கு வந்த மறுநாள் உச்சிப்பொழுதில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடுக்கென்று விழித்து வீறிட்டது. வாசலுக்குப் போனேன். யாரும் இல்லை. படியில் வெள்ளையாகச் சில சொட்டுகள் சிந்திக் கிடந்தன. பால்காரன் தூக்கு ஒழுகியிருக்கும் என்று நினைத்து, மறுநாள் அவனை நன்றாகத் திட்டினேன். பாவம், அவன் எங்கள் தெருவுக்கு விடிகாலையில் வந்து போகிறவன். உச்சிக்கு ஏன் வரப்போகிறான்? அன்றைக்கும் அதே வேளையில் பிள்ளை அழுதது. அதே சொட்டுகள். பச்சைத்தழை கசக்கிய வாசனை. குனிந்து பார்த்தேன். எங்கள் வாசலில் ஒரு பருக்கை சோறு விழுந்தால் எறும்பு ஊர்வலம் வந்துவிடும். அந்தச் சொட்டுப் பக்கம் ஒரு எறும்பு இல்லை.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்றைக்குப் படிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து உள்ளே வந்தேன்.

என் வீட்டுக்காரர் நல்லகண்ணு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னேன்.

"ஆத்தாக்காரிதான்டி. பேரனக் கேட்டு வந்திருக்கா. எம்புட்டு ஆசை இருந்தா இத்தனை வருசங்கழிச்சு வருவா!"

"அவ பேரனை அவ ஏன் தூக்கிட்டுப் போகப்போறா?"

"செத்தவளுக்கு என்னடி நியாயம் தெரியும்? கூட ரெண்டு கொத்து வேப்பிலையச் செருகு," என்றார். அன்று சாயந்திரம் அவரே ஒரு கிளையை ஒடித்துவந்து வாசல் முழுக்கக் கட்டிவிட்டார்.

நான் எனக்குத் தெரிந்த வழிக்குப் போனேன். ஈஸ்வரபாண்டி தோட்டத்திலேயே வேறு வரிசையில், மருந்தடிக்காத வாழைக்கடியில் அம்மான் பச்சரிசி பறித்துவந்து, அலசி, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். சோற்றில் பிசைந்து நதியாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். முகம் கோணிக்கொண்டு போனது. கையிலேயே துப்பிவிட்டாள்.

"கசக்குது அத்தை."

"ஏத்தா, இது கசக்குமா? வழவழன்னுல்ல இருக்கும்!" நான் ஒரு வாய் தின்று பார்த்தேன். கசப்பே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கன ஒருத்தன் பாலுக்கு அழுகுறான், இங்கன நீ மொகரையச் சுளிக்கிறியாக்கும். கண்ண மூடிட்டு முழுங்கு."

மறுபடியும் ஒரு வாய் வைத்தாள். வாந்தி எடுத்துவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னாள்.

"வேப்பங்கொழுந்த அரைச்சு அப்புன மாதிரி இருக்கு அத்தை. என் பாலும் இப்பிடித்தான் இருக்கும். அவன் வாய் வச்சான்னா துப்பிருவான். துப்பிட்டான்னா நான் எப்பிடி அத்தை உசுரோட இருப்பேன்?"

கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் விழுந்திருக்கும். இதை இவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க முடியாது. எந்த வாய்தான் அதை ஒரு பிள்ளையிடம் போய்ச் சொல்லும்?

ராமுத்தாய் செத்தது உச்சிப்பொழுதில். களை வேலைக்கு வரும் கைப்பிள்ளைக்காரிகளுக்கு உச்சிக்குள் மார் கட்டிக்கொண்டு வலியெடுத்துவிடும். ராமுத்தாய் சேலைக்கு மேல் வீரணனுடைய நீலக் கட்டம்போட்ட சட்டையைப் போட்டிருப்பாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து தெரியும். "வழிய விடுங்கடி, மாடு கண்டுக்குட்டியத் தேடுது!" என்று நாங்கள் கத்துவோம். அவளும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடுவாள். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். அன்றைக்கும் அப்படித்தான் ஓடினாள். வாய்க்கால் வரப்பில் கண்ணாடிவிரியன் கிடந்திருக்கிறது. நாங்கள் போய்த் தூக்கியபோது வாயில் நுரை இருந்தது, சட்டையில் பால் இருந்தது. வண்டியிலேயே முடிந்துவிட்டது.

பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுச் சாகிறவள், பால் கொடுக்கத் திரும்பி வருவாள் என்று எங்கள் வகையறாவில் ஒரு நம்பிக்கை. அதனால் குளிப்பாட்டி முடித்ததும் வேப்பங்கொழுந்தை அரைத்து மாரில் அப்பிவிடுவார்கள். உயிரோடிருக்கும் தாய் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கச் செய்வதைத்தான் செத்தவளுக்கும் செய்வது. ஜக்கம்மா என்று ஒரு மூத்த பொம்பளை அதைச் செய்தாள். கெட்ட மனசு இல்லை. அந்தப் பச்சைப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான். எல்லாரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். யாரோ கீழே இறக்கிவிட்ட நதியா தவழ்ந்துபோய்த் தாய்மேல் ஏறிவிட்டது. காலையிலிருந்து பால் இல்லாத பிள்ளை. போர்த்தியிருந்ததை விலக்கி வாய் வைத்துவிட்டது.

ஐயோ, அந்த முகம் சுளித்ததும், துப்பித் துப்பி அழுததும்! தாயை இரண்டு கையாலும் தள்ளியது பிள்ளை. பிறகு அவள் பக்கமே திரும்பவில்லை. "பாத்தியா, பிள்ளையே வேணாம்னுருச்சு. இனி வர மாட்டா," என்று ஜக்கம்மா சொன்னாள்.

நான் இதையெல்லாம் நினைத்து நினைத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் அது நடந்தது. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் தொட்டிலில் பிள்ளை இல்லை. நதியாவும் இல்லை. நல்ல வெயில், உச்சிப்பொழுது. எனக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஈஸ்வரபாண்டி தோட்டத்து வாய்க்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி வாய்க்காலுக்கு நேராக நீட்டிக்கொண்டு, எதிரில் யாரோ நிற்பதுபோல் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கோ. எனக்குக் குடுக்கத் தெரியலை. நீயே வாங்கிக்கோ."

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மருமகளை ஓங்கி ஓர் அறை விட்டேன். அடித்த கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் உடம்பு சாவி கொடுத்த பொம்மைபோல் விறைத்துக் கிடந்தது. அழவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். ஜெயமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள் முத்துலட்சுமிக்கு ஐந்து மாதக் கைப்பிள்ளை இருக்கிறது. நல்ல பால் உண்டு. மறுநாள் அவள் வந்து பிள்ளையைக் கொண்டுபோவது. நதியாவைச் சுரேஷ்கண்ணன் தேனியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போவது.

"அம்மா, அவளுக்கு உடம்புக்குச் சரியில்ல. பேயி பிசாசுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா பிள்ளையப் பறிகுடுத்துருவோம்," என்றான். கண் கலங்கியிருந்தது.

"ஏலே, நான் டாக்டரு வேணாம்னு சொன்னேனா? கூட்டிப் போ. பிள்ளையப் பிரிக்கணுமான்னுதான் கேக்குறேன்."

"இன்னைக்குக் கொஞ்சம் அசந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று நல்லகண்ணு குறுக்கே வந்தார். "முத்துலட்சுமிகிட்டக் கிடக்கட்டும். வளரட்டும். பெறகு பாப்போம்."

அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நதியா உள்ளறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கொண்டு போகட்டும் அத்தை. மறந்துருவான். நானும் அப்பிடித்தானே வளந்தேன்," என்றாள். பிரித்துக் கொண்டுபோன பிள்ளையை இவள் திரும்பக் கேட்க மாட்டாள் என்று எனக்கு அந்தக் குரலிலேயே தெரிந்தது. ராமுத்தாய் மகளுக்கு நடந்தது ராமுத்தாய் பேரனுக்கும் நடக்கப்போகிறது. அதுவும் என் வீட்டில், என் கண்ணெதிரே.

விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். சுரேஷ்கண்ணனுக்குப் பால் மறக்கடித்தது நினைவுக்கு வந்தது. வேப்பங்கொழுந்து அப்பிய அன்றைக்கே அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அழுதவனைப் பார்க்கப் பொறுக்காமல், பாசிப்பயற்று மாவும் வெந்நீருமாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பவும் எடுத்துக் கொடுத்தேன். குடித்தான், தூங்கினான். அவ்வளவுதான் விஷயம். அப்பியதைக் கழுவினால் போய்விடும். உயிரோடு இருக்கிறவள் தானே கழுவிக்கொள்வாள். செத்தவளுக்கு யார் கழுவுவது?

காலையில் நல்லகண்ணு லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு முத்துலட்சுமியை அழைக்கப் புறப்பட்டார். "வேப்பிலை வாடிருச்சு, புதுசு கட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். சுரேஷ்கண்ணன் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானம் வருவதாகக் கடைக்குப் போனான். நான் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கொஞ்ச நேரம் நதியாவோடு உட்காரச் சொல்லிவிட்டு, தூக்குவாளியில் வெந்நீரும், ஒரு பொட்டலத்தில் பயற்றமாவும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். சுடுகாட்டுக்குப் பொம்பளைகள் நாங்கள் போகிற வழக்கம் இல்லை. அவள் விழுந்த இடம்தான் எனக்குத் தெரிந்த இடம்.

வரப்பில் குந்தினேன். ஒரு காம்பைக் கிள்ளினேன். பால் துளிர்த்தது. பச்சையாக நாக்கில் வைத்தால் புண்ணாகும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் விரல் நுனியில் தொட்டு வைத்துப் பார்த்தேன். கசந்தது. தொண்டை வரைக்கும் இறங்கும் வேம்பின் கசப்பு. தோட்டத்தைச் சுற்றி ஒரு வேப்பமரம் கிடையாது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கோபம்தான்.

"ஏண்டி, எத்தனை வருசமா இத வச்சுக்கிட்டுக் கிடக்க? ஒரு வார்த்தை கனாவுல வந்து சொல்ல மாட்டியா? வாசல்ல வந்து நின்னுட்டு நின்னுட்டுப் போனா எனக்கு என்னடி விளங்கும்? கூறுகெட்டவளே."

திட்டிக்கொண்டே பயற்றமாவைக் கரைத்து அந்தச் செடிகள்மேல் ஊற்றினேன். இலை இலையாகத் தேய்த்தேன். பிள்ளை பெற்றவளுக்கு எப்படி நோகாமல் தேய்க்க வேண்டுமோ அப்படி. வெந்நீரை விட்டு அலசினேன். வேப்பங்கொழுந்து அரைக்கும்போது எழும்புமே, அந்த வாடை குப்பென்று எழுந்து முகத்தில் அடித்தது. கண்ணெல்லாம் எரிந்தது. தண்ணீர் மண்ணில் பச்சையாக ஓடி வாய்க்காலில் இறங்கியது. பிறகு அந்த வாடை மெல்ல மெல்லக் குறைந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெந்நீர் ஊற்றிய சூடாகவும் இருக்கலாம். நான் கையை எடுக்கவில்லை.

இன்னொரு காம்பைக் கிள்ளித் தொட்டுப் பார்த்தேன். கசப்பு இல்லை.

அந்தச் செடிகளில் ஒரு மடி நிறையப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணை அனுப்பிவிட்டுப் பாசிப்பருப்பை அடுப்பில் வைத்தேன். பருப்பு வேகும்போது வாசலைப் பார்த்தேன். வாசல் நிறைய வேப்பிலை. அடக் கடவுளே என்றிருந்தது. தன் மாரில் அப்பியதையே மகள் வாசலிலும் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? இன்னும் தள்ளுகிறார்கள் என்றுதானே?

முக்காலியைப் போட்டு ஏறினேன். ஒரு கொத்து விடாமல் அவிழ்த்தேன். நிலைப்படிப் பன்னரிவாளை எடுத்து கொல்லையில் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் சந்தேகம் வந்தது. நல்லகண்ணு சொன்னதே சரி என்றால்? வந்தவள் பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? ராமுத்தாய் என்னதான் என் சிநேகிதி என்றாலும், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். செத்தவள் மனசு எனக்கு எப்படித் தெரியும்? என் பேரன் உயிரை வைத்து நான் விளையாடுகிறேனோ? கதவைச் சாத்திவிடலாமா என்று இரண்டு தரம் கை போனது. சாத்தவில்லை.

நதியாவை நடுவீட்டில் உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். சூடான சோற்றில் கூட்டைப் பிசைந்து வைத்துவிட்டு, தொட்டில் பக்கம் போய், தொட்டில் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் வந்தாலும் என் கையை வெட்டித்தான் பிள்ளையை எடுக்க வேண்டும்.

"சாப்புடுத்தா," என்றேன்.

"கசக்கும் அத்தை."

"ஒரே ஒரு வாய். கசந்துச்சுன்னா துப்பிரு. நான் வைய மாட்டேன்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நிலைப்படிக்கு நேராக வந்து நின்றது. தழை கசக்கிய வாசனை வந்தது. படியில் ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளைச் சொட்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலைப்படிக்கு உள்ளே, சிமெண்டுத் தரையில் இன்னொன்று விழுந்தது. பிறகு அதற்கு முன்னால் ஒன்று.

முதலில் சட்டைதான் தெரிந்தது. நீலக் கட்டம், முன்பக்கம் இரண்டு ஈர வட்டம். பிறகு அவள். காலில் வாழைத்தோட்டத்துச் சேறு, தலையில் கட்டிய துண்டு, ஓடி வந்தவள்போல் நெஞ்சு ஏறி இறங்கியது. ராமுத்தாய்தான். என்னைத் தெரிந்த கண். நான் கூப்பிட நினைத்தேன். அதற்குள் கை முந்திக்கொண்டது. தொட்டில் சேலையை இறுக்கிப் பிடித்தேன்.

அவள் தொட்டில் பக்கமாகத்தான் வந்தாள். என் முழங்கையில் அந்தச் சட்டையின் ஈரம் உரசியது. உள்ளே பேரன் ராஜாபோல் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாண்டிப் போய்விட்டாள். நேராகப் போய் நதியாவுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். களை பிடுங்கும்போது என் பக்கத்தில் எப்படி உட்காருவாளோ அப்படி.

நதியா முதல் வாயை வைத்தாள். மென்றாள். துப்பவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு இரண்டாவது வாய் வைத்தாள். பிறகு நிறுத்தவே இல்லை. பசித்த பிள்ளை எப்படித் தின்னும், அள்ளி அள்ளி, மூக்கிலும் கன்னத்திலும் ஒட்ட ஒட்ட, அப்படித் தின்றாள். தட்டு காலியானதும், "இன்னுங் கொஞ்சம்," என்று கையை நீட்டினாள். என்னிடம் நீட்டவில்லை. நான் தொட்டிலை விட்டுப் போய்ச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தேன். சட்டியையும் வழித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. தின்று முடித்து அப்படியே பின்னால் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் இல்லை, தூண் இல்லை. ஆனாலும் விழவில்லை. ஏப்பம் விட்டுவிட்டுச் சாய்ந்த வாக்கிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளைக்குப் பசி, பிள்ளைக்குப் பசி என்று வீடே ஓடிக்கொண்டிருந்தோம். பசித்துக் கிடந்தது இவள். ஒரு வயதுகூட ஆகாமல் பால் மறந்த அன்றைக்கு எடுத்த பசி. அவள் ஆத்தா தேடி வந்ததும் இவளைத்தான். நாங்கள் தப்பான பிள்ளைக்குக் காவல் காத்திருக்கிறோம்.

எவ்வளவு நேரம் போனதோ. மிக்ஸி நின்றிருந்தது. தொட்டிலில் பிள்ளை நெளிந்து சிணுங்கத் தொடங்கியது. நதியா கண்ணைத் திறந்தாள். அவள் நைட்டியின் முன்பக்கம் நனைந்து ஒட்டிக்கிடந்தது. அவளுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளையக் குடுங்க அத்தை."

தூக்கிக்கொண்டுபோய் மடியில் வைத்தேன். மாரை மூடிக்கொள்ளவில்லை. பிள்ளையின் தலையைப் பிடித்துக் காட்டினாள். அவன் முட்டி மோதித் தேடி, பிடித்துக்கொண்டான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். துப்பவில்லை. மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. தெருமுனையில் லோடு ஆட்டோ ஹாரன் கேட்டது. என் வீட்டுக்காரரும் முத்துலட்சுமியும் வந்துவிட்டார்கள். வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நதியா பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அத்தை, எங்காத்தாவுக்கு அப்ப எத்தன வயசு?"

"இருவதுதான்த்தா இருக்கும். ஏன்?"

"என்னைய விடச் சின்னப் புள்ளையா இருக்கு," என்றாள் நதியா. "ரொம்பப் பயந்துபோய் இருந்துச்சு அத்தை, நான் வேணாம்னு சொல்லிருவேனோன்னு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.